சித்தூர் ஆத்துல மீன் குஞ்சு விடலாமா? சங்கத்துல 60,000 ரூபாய் இருக்கு, யோசனை சொல்லுங்க

மூலத்தறை_தூண்டில் எழுதியது:

வணக்கமுங்க. ஆந்திரா சித்தூர் இல்லீங்க, பாலக்காட்டுச் சித்தூர். மூலத்தறை ரெகுலேட்டருக்கு (தண்ணியைத் தடுத்து வாய்க்காலுக்குத் திருப்பற அணை) கீழே சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் தூரம் எங்க ஆளுங்க தூண்டில் போடற இடம். நடுவுல ரெண்டு தடுப்பணை, மூணு மடு. ஏப்ரல், மே மாசத்துல வத்தாம நிக்கிறது அதுல ரெண்டு மடுதான்.

விரால் அளவு வருஷா வருஷம் சின்னதாகிட்டே வருது. வாளை எப்பவாவது ஒண்ணு. பச்சிலைவெட்டிக் கெண்டை பேருக்குத்தான் இருக்கு. கொக்கியில மாட்டறதுல பாதிக்கு மேல ஜிலேபி மீன் (திலாப்பியா). ராத்திரியில இன்வெர்ட்டர் வெச்சு ஷாக் அடிக்கிறவங்களும் வந்து போறாங்க.

சங்கத்துல நாப்பது பேர், கையில 60,000 ரூபாய். ஒரு கோஷ்டி ரோகு, கட்லா குஞ்சு 20,000 வாங்கி விடலாம்னு சொல்லுது. இன்னொரு கோஷ்டி, விட்டா மாசீர்தான் (ஆத்துல பெருசா வளர்ற கெண்டை இனம்) விடணும், நாளைக்கு வெளியூர்க்காரங்க தூண்டில் போட வருவாங்கன்னு சொல்லுது. மூணாவது கோஷ்டி, ரெண்டு வருஷம் யாருமே தூண்டில் போடக்கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்குது.

எனக்குத் தெரிய வேண்டியது மூணு: எந்த மீனை விடறது, பிடிச்ச மீனைத் திருப்பி விட்டா உண்மையிலேயே பிழைக்குமா, நாம செஞ்சது பலிச்சுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது. ஜூன் 9-லிருந்து வர்ற தடைக்காலம் ஆத்துக்கும் சேருமான்னும் சொல்லுங்க.

கெண்டைக்_கணக்கு பதில்:

கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சுடறேன் தம்பி. ஜூன் 9 நள்ளிரவுல ஆரம்பிச்சு ஜூலை 31 வரைக்கும் வர்ற 52 நாள் தடை கடல்ல ஓடற இழுவைமடிப் படகுக்கு. ஆத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆத்துக்குப் பார்க்க வேண்டியது கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம், 2010. வெடி, விஷம், மின்சாரம் மூணையும் அது தடுக்குது. புதுமழைக்கு முட்டையோட ஏறி வர்ற மீனை வழிமறிச்சுப் பிடிக்கிற 'ஊத்த' பிடித்தமும் குத்தம்தான். வெடிக்கும் விஷத்துக்கும் 1897-லயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுட்டான், கடைப்பிடிக்கத்தான் ஆள் இல்லை.

இப்ப குஞ்சு விஷயம். 60,000 ரூபாயையும் குஞ்சுல போட்டீங்கன்னா அது தண்ணியில கரைச்ச பெருங்காயம். ரோகு, கட்லா, மிர்கால் மூணும் கங்கைச் சமவெளி மீன். குளத்துல விட்டா வளர்ந்து கைக்கு வரும், அது பண்ணைக் கணக்கு. உங்க ஆத்துல முதல் வெள்ளத்துக்கே பாதி பறளி தாண்டி பாரதப்புழைக்குப் போயிடும். மிச்சம் நிக்கிறது கோடையில ரெண்டு மடுவுல, அங்கே இருக்கிற நாட்டுக் கெண்டையோட தீனிக்கும் ஆக்சிஜனுக்கும் மல்லுக்கு நிக்கும். ரெண்டு மடு எவ்வளவு மீனைத் தாங்குமோ அவ்வளவுதான் ஜூன்ல மிஞ்சும். 20,000 விட்டாலும் 2,000 விட்டாலும் அந்த எண்ணிக்கை மாறாது.

மாசீர் யோசனை இதைவிட ஆபத்து. காவிரியில நடந்ததைப் பாருங்க. அங்கே பூர்வீகமா இருந்தது ஆரஞ்சுத் துடுப்பு, கூன்முதுகு மாசீர், உலகத்துலயே பெரிசா வளர்ற மாசீர்கள்ல ஒண்ணு. மகாராஷ்டிராவுல லோனாவ்லா பொரிப்பகத்துல வளர்த்த நீலத்துடுப்பு மாசீரை நல்லது செய்யறோம்னு நினைச்சுத்தான் காவிரியில விட்டாங்க. தூண்டில் முகாம்கள்ல 1998-லிருந்து 2012 வரைக்கும் எழுதி வெச்ச பதிவேடுகளைப் பின்னால பிரிச்சுப் பார்த்தா, மொத்த மாசீர் எண்ணிக்கை ஏறிட்டே போயிருக்கு, மீனோட சராசரி எடை இறங்கிட்டே வந்திருக்கு, கூன்முதுகு மட்டும் கிட்டத்தட்ட மறைஞ்சே போயிருக்கு. 'மாசீர் நிறைய விழுது'ன்னு எல்லாரும் சந்தோஷமா இருந்த காலத்துலதான் அந்த இனம் அழிஞ்சுட்டு இருந்தது. அதுக்கு டோர் ரேமாதேவின்னு அறிவியல் பேர் உறுதியானது 2018-ல. அழியற நிலையில உள்ள உயிரினங்களோட உலகச் செம்பட்டியல்ல இப்ப அது மிக ஆபத்தான நிலையில இருக்கு. மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறு, நீலகிரி மோயாறு மாதிரி சில இடத்துலதான் மிச்சம்.

பொரிப்பகத்துல இன்னொரு சங்கடம். நாலைஞ்சு தாய்மீன்லருந்தே 20,000 குஞ்சும் வந்திருக்கலாம். எல்லாம் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி. ஆத்துல மிச்சம் இருக்கிற சொந்த மீனோட அது கலந்தா வம்சமே நீர்த்துப் போகும். பெருக்கம்னு செஞ்சா அதே ஆத்துத் தாய்மீன், ஆணும் பெண்ணும் சேர்ந்து 50-க்குக் குறையாம வேணும். அதைச் சங்கத்தால செய்ய முடியாது. பரம்பிக்குளத்துல போய்த் தாய்மீன் எடுத்துட்டு வரலாம்னு யாராவது சொன்னா அங்கேயே வாயை அடைச்சுடுங்க. அது புலிகள் காப்பகம், வழக்கு வனத்துறையோடது.

எந்த மருந்துன்னு கேட்கறதுக்கு முன்னால நோய் என்னன்னு பாருங்க. கொக்கியில வர்ற ஒவ்வொரு மீனோட நீளத்தையும் மூணு மாசம் எழுதினா அதுவே சொல்லும். பெருசு இருக்கு, குஞ்சும் நடுத்தரமும் இல்லைன்னா, முட்டையிடற இடமோ அங்கே போற வழியோ கெட்டிருக்கு. குஞ்சும் நடுத்தரமும் நிறைய, பெருசே இல்லைன்னா, பிடிக்கிறது ஜாஸ்தி. எல்லாமே ஒரே பொடி அளவுல நின்னுபோச்சுன்னா, தீனிக்குப் போட்டி. ஜிலேபி நிறைஞ்ச தண்ணியில அந்த மூணாவது சர்வ சாதாரணம். நீங்க விராலுக்குச் சொல்றதைப் பார்த்தா ரெண்டாவது நோய் மாதிரி இருக்கு. வாளைக்கும் பச்சிலைவெட்டிக்கும் முதலாவது. ரெண்டுக்குமே குஞ்சு விடறது மருந்து இல்லை.

பதிவேட்டுல மீன் பிடிச்ச நாளை மட்டும் எழுதறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. வெறுங்கையோட திரும்பின நாளையும் எழுதணும். ஆறு பேர் நாலு மணி நேரம் போட்டா 24 தூண்டில்-மணி. ஒம்பது மீன் வந்தா ஒரு தூண்டில்-மணிக்கு 0.375. இந்த எண்ணைத்தான் வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடணும், அதுவும் அதே மாசத்தோட. ஏப்ரலையும் அக்டோபரையும் ஒப்பிட்டீங்கன்னா ஏமாந்துருவீங்க. கோடையில ஆத்து மீன் பூரா ரெண்டு மடுவுக்குள்ள ஒதுங்கும், கொக்கி போட்டா போட்டபடி வரும். ஆத்துல மீன் பாதியாக் குறைஞ்சிருந்தாலும் ஏப்ரல் கணக்கு குறையவே குறையாது. அந்த மாசத்துக் கணக்கை நம்பி ஏமாந்த ஊர்கள் நிறைய.

நீர்க்காகம் பதில்:

கணக்கு அண்ணன் சொன்னதுக்கு மேல குஞ்சைப் பத்திப் பேச ஒண்ணும் இல்லை. ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். பிழைக்குமா? மீனைப் பொறுத்தது, கையைப் பொறுத்தது.

கெண்டை வகைக்கு எதிரி காத்து. 1992-ல வானவில் டிரவுட் மீனை வெச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. ஓடவிட்டுக் களைக்க வெச்சு அப்படியே தண்ணியில விட்டதுல செத்தது 12 சதவீதம். களைச்சதுக்கு அப்புறம் 30 வினாடி வெளியே வெச்சதுல 38 சதவீதம். ஒரு நிமிஷம் வெச்சதுல 72 சதவீதம். டிரவுட் குளிர்தண்ணி மீன், நம்ம கெண்டைக்கு அதே எண் வராதுதான். ஆனா ஒரு போட்டோவுக்கு ஒரு நிமிஷம் சாதாரணமாப் போகுது, அதை மனசுல வைங்க. செல்போனைத் தயாரா வெச்சுட்டு, வலையைத் தண்ணியிலயே முங்கவிட்டு, தூக்கி, க்ளிக், இறக்கி. மூச்சைப் பிடிச்சுட்டுப் படம் எடுங்க, உங்களுக்கு முட்டும்போது மீனுக்கு எப்பவோ முட்டியிருக்கும்.

விரால் இதுக்கு நேர்மாறு. அது மேலே வந்து காத்து முழுங்கியே ஆகணும், செவுள் மட்டும் போதாது. அதனால வெளியே கொஞ்ச நேரம் இருந்தா சாகாது. ஆனா பிடிச்ச விராலை வலைப்பையில போட்டு முழுசாத் தண்ணிக்குள்ள அமுக்கிக் கட்டி வெச்சீங்கன்னா மூச்சுத் திணறிச் செத்துடும், மீன் தண்ணியில மூழ்கிச் சாகற கதை. விராலைக் கொல்றது கொக்கியும் வழவழப்புப் போறதும். தவளை லூர்ல (தவளை மாதிரி செஞ்ச போலி இரை) இருக்கிற ரெட்டைக் கொக்கியோட எதிர்முள்ளைப் பிளையரால நசுக்கிடுங்க. நூல் தளராம இழுத்தா முள் இல்லாமலே நிக்கும். காஞ்ச கையால, இல்லேன்னா தடுப்பணை சிமெண்டுத் தளத்துல போட்டுப் பிடிச்சா மேல்பூச்சு உரிஞ்சு பத்து நாள்ல பூஞ்சணம் பிடிக்கும். விட்ட உடனே துள்ளிட்டு ஓடும், பிழைச்சுதுன்னு நாம நினைச்சுக்குவோம். சாகறது பின்னால, கண்ணுக்கு மறைவுல.

உயிர் இரை போடறவங்க வட்டக் கொக்கிக்கு (நுனி உள்பக்கமா வளைஞ்சது) மாறட்டும். வெட்டி இழுக்கக் கூடாது, மீன் ஓடும்போது நூலை மெல்ல இறுக்கினாப் போதும், கடைவாயில தானா மாட்டும். தொண்டைக்குள்ள போயிடுச்சுன்னா தோண்டாதீங்க. வாய் ஓரமா நூலை அறுத்து விடுங்க, பிடுங்கறதைவிட அதுதான் பிழைக்கும். மெல்லிசான நூல்ல அரை மணி நேரம் விளையாட்டுக் காட்டறதும் வேண்டாம், களைப்பே பாதி சாவு.

பெரிய வாளையை உதட்டுப் பிடியில தொங்கவிட்டுத் தூக்கினா தாடை எலும்பு விலகும், உள்ளுறுப்பு கீழே இழுக்கும். ஒரு கை வாலடி, ஒரு கை வயித்துக்குக் கீழே, படுக்கை வாக்குல பிடிங்க. வாளை இப்ப உலகச் செம்பட்டியல்ல அழிவாய்ப்புள்ள வகை, மரியாதை கொடுக்க வேண்டிய மீன். விடும்போது தலையை நீரோட்டத்துக்கு எதிரா வெச்சுப் பிடிச்சுட்டு இருங்க. முன்னும் பின்னும் ஆட்டற பழக்கம் எங்கிருந்து வந்துதோ தெரியலை, செவுள்ல தண்ணி பின்னாடியிருந்து போனா பிரயோஜனம் இல்லை. அதுவா உதறிட்டுப் போகும்.

வெயிலைக் கணக்குல எடுங்க. 20 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில ஏழரை. மீனுக்கு அப்பத்தான் தேவை ஜாஸ்தி. மார்ச் கடைசியிலருந்து மழை வர்ற வரைக்கும் காலையில ஒம்பது மணியோட தூண்டிலைச் சுருட்டுங்க.

இப்ப முக்கியமானது, விரால் பார்ப்பு. மலையாளத்துக்காரங்க இன்னும் பார்ப்புன்னுதான் சொல்றாங்க, பழைய தமிழ்ச் சொல், நாமதான் விட்டுட்டோம். செங்காவி நிறத்துல கடுகு சிதறின மாதிரி குஞ்சுக் கூட்டம் மேலே மேலே வந்து மூச்சு வாங்கும். கீழே தாயும் தகப்பனும் காவல். அதுக்கு நடுவுல தவளையை இழுத்தா காவல் மீன் பசிக்காக இல்லை, கோவத்துல அடிக்கும். இதைவிடச் சுலபமான பிடிப்பு இல்லை, இதைவிடக் கேடான பிடிப்பும் இல்லை. காவல் போன அரை மணியில பள்ளத்திங்கிற சின்ன மீனும் ஜிலேபியும் குஞ்சைத் தின்னு தீர்த்துடும். திருப்பி விட்டாலும் அது திரும்பி வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் விராலுக்குத் தவளை லூர் கிடையாதுன்னு சங்கத்துல தீர்மானம் போடுங்க. 60,000 ரூபாய்க்கு வாங்கற குஞ்சைவிட ஜாஸ்தி குஞ்சு இதுல வரும், செலவு பூஜ்யம்.

மூலத்தறை_தூண்டில் எழுதியது:

ரெண்டு அண்ணனுக்கும் நன்றிங்க. பார்ப்பு விஷயம் தெரியாமலே எல்லாரும் பண்ணிட்டு இருக்கோம், கூட்டத்துல வாசிச்சுக் காட்டறேன்.

இன்னும் மூணு சந்தேகம். சமைக்க எடுத்துட்டுப் போறவங்களை முழுசாத் தடுக்க முடியாது, அவங்களுக்கு அளவு வைக்கணும்னா எவ்வளவு? தடுப்பணை ரெண்டும் இருக்கே, வாளையும் பச்சிலைவெட்டியும் எப்படி மேலே ஏறும்? மடுவுல எத்தனை விரால் இருக்குன்னு எண்ண வழி இருக்கா, வலை போட்டு அரிச்சு எடுக்காம?

மணல்வாரி_எதிரி பதில்:

தடுப்பணைக் கேள்விக்கு நான்.

உங்க ரெண்டும் பலகை போடற வகையா, வெறும் காங்கிரீட் சுவரா? பலகை வகைன்னா பைசா செலவில்லாமப் பாதி தீர்வு கையில இருக்கு. மழைக்காலம் முடிஞ்சு நவம்பர், டிசம்பர்ல பலகை போடுவாங்க. எடுக்கிறதுலதான் கோளாறு. முதல் வெள்ளம் வந்து பலகை மேல தண்ணி வழிஞ்சதுக்கு அப்புறம்தான் ஆள் அனுப்புவாங்க, அழுத்தத்துல பலகை உப்பி இறுகி எடுக்கவே வராது. ஏறி வர்ற மீன் வெள்ளம் வந்த முதல் சில நாள்லதான் ஏறும். அதுக்குள்ள சுவர் நிக்குது, அடியில முட்டி மோதிட்டு நிக்கிற மீனை ஊத்தக்காரன் கூடை கூடையா அள்ளறான். மே மூணாவது வாரத்துல, தண்ணி குறைவா இருக்கும்போதே, அடிப் பலகை வரைக்கும் எடுக்கணும். மேல் ரெண்டு வரிசையை மட்டும் எடுத்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு போவாங்க, விடாதீங்க. அடியில மண் தங்கி உசந்துபோன பகுதியும் அப்பத்தான் அரிச்சு இறங்கும்.

வெறும் சுவர்னா கல் சரிவு. சுவருக்குக் கீழ்ப்பக்கம் பெரிய கல்லை அடுக்கி ஒண்ணுக்கு இருபது வாட்டத்துல இறக்கணும். ஒரு மீட்டர் உசரச் சுவருக்கு 20 மீட்டர் நீளம் வரும். ஒண்ணுக்கு அஞ்சுன்னு கிடுகிடுன்னு இறக்கினா கல்லுதான் இருக்கும், மீன் ஏறாது. படி படியா வெச்சா ஒரு படிக்கும் அடுத்ததுக்கும் 15 செ.மீ.க்கு மேல போகக் கூடாது, ஒவ்வொரு படிக்கும் கீழே மீன் நின்னு மூச்சு வாங்க ஒரு குழி. நம்ம ஆத்துல பெரும்பாலும் சின்னக் கெண்டைதான், துள்ளித் தாண்டற மீன் குறைச்சல். இன்னொண்ணு, சுவர் உச்சியில ஒரு இடத்துல மட்டும் பள்ளம் வெட்டி அந்தச் சரிவுல தண்ணி ஓட விடணும். அகலம் பூரா மெல்லிசா வழிஞ்சா எங்கேயும் மீன் முங்கற ஆழம் இருக்காது. இதுக்கு நீர்ப்பாசனத் துறை ஒப்புதல் இல்லாம ஒரு கல்லைக்கூட வைக்காதீங்க. ஊராட்சியோட உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு மூலமா மனு போனா கொஞ்சம் மதிப்பாங்க.

உங்க ஆறு மழையை மட்டும் நம்பின ஆறு இல்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவுல வருஷம் 7.25 டி.எம்.சி. கேரளாவுக்கு விடற தண்ணிதான் உங்களுக்கும் உயிர். அது திறக்கிறதும் மூடறதும் வயல் கணக்குக்கு. திடீர்னு மூடினா கரையோரச் சரளைக்கல்லுல ஒட்டின முட்டை ஒரு பகல்ல கருவாடாகும், ஓரக் குட்டையில சிக்கின குஞ்சு கொக்குக்கு. தண்ணி அளவை யாராலயும் கூட்ட முடியாது, அது ரெண்டு மாநிலத்து வழக்கு. ஆனா மூடும்போது ஒரே நாள்ல மூடாம மூணு நாலு நாளா இறக்குங்கன்னு கேட்கறதுல ஒரு சொட்டுத் தண்ணி தகராறும் இல்லை. மூடற நாள் முன்கூட்டித் தெரிஞ்சா குட்டையில சிக்கின குஞ்சை வாளியில அள்ளி மடுவுல விட உங்க நாப்பது பேர் போதும். அதை முதல்ல கேளுங்க.

கெண்டைக்_கணக்கு பதில்:

அளவுக் கேள்வி. விரால் 25 செ.மீ. வாக்குல முட்டைக்கு வந்துடும். ஒரு தடவையாவது குஞ்சு பொரிக்கணும்னா 30-க்குக் கீழே தொடக்கூடாது. மேல் வரம்பும் வைங்க, 45. நீளம் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்கு, முட்டையும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஏறும். ஒரு பெரிய தாய் எட்டுச் சின்னத் தாய்க்குச் சமம். ஆக 30-க்கும் 45-க்கும் நடுவுல உள்ளதைச் சமையலுக்கு எடுக்கலாம், ஆளுக்கு நாளைக்கு ரெண்டு. வாளை, பச்சிலைவெட்டி, மாசீர் எந்த அளவுல வந்தாலும் திரும்பிப் போகணும். ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி, டேங்க் கிளீனர் (தொட்டிக் கண்ணாடியில ஒட்டற வெளிநாட்டு மீன்) மூணும் எந்த அளவுல வந்தாலும் திரும்பக் கூடாது. தூண்டில்லயே ஜிலேபியை ஒழிச்சுடலாம்னு கனவு காணாதீங்க. 1952-ல நாட்டுக்குள்ள வந்த மீன், விரல் நீளத்துலயே முட்டைக்கு வந்து, குஞ்சை வாய்க்குள்ள வெச்சு வளர்க்குது. பெரிய விராலும் வாளையும் ஆத்துல இருந்தாத்தான் அதோட குஞ்சு கட்டுக்குள்ள நிக்கும். மேல் வரம்புக்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுத் தொட்டி மீனைக் கொண்டுவந்து ஆத்துல விடற புண்ணியவான்களுக்கும் ஒரு பலகை எழுதி வைங்க. 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரளத் தண்ணியில அரப்பைமாவும் முதலைமூக்கு மீனும் பிடிபட்டது நினைவிருக்கும்.

எண்ணிக்கைக்கு வழி, குறியிட்டுத் திரும்பப் பிடிக்கிறது. ஏப்ரல்ல மடு துண்டாகி நிக்கும்போது செய்யணும், உள்ளே வரவோ வெளியே போகவோ மீனுக்கு வழி இருக்கக் கூடாது. மீன்வளத்துறையோட மத்ஸ்யபவன்ல ஒரு கடிதம் கொடுத்துட்டு ஆரம்பிங்க. முதல் சுத்துல பிடிக்கிற ஒவ்வொரு விராலுக்கும் இடப்பக்க வயித்துத் துடுப்போட நுனி மூலையை நகவெட்டி அளவுக்கு நறுக்கி விடுங்க, அடி வரைக்கும் வெட்ட வேண்டாம், திரும்ப வளரும். ஒரு வாரம் கழிச்சு ரெண்டாவது சுத்து. கணக்கு இப்படி: குறியிட்டதோட ஒண்ணு கூட்டு, ரெண்டாவது தடவை பிடிச்சதோட ஒண்ணு கூட்டு, ரெண்டையும் பெருக்கு. குறியோட வந்ததுல ஒண்ணு கூட்டி அதால வகு. கடைசியா ஒண்ணு கழி.

உதாரணத்துக்கு 40 மீன்ல குறி, அடுத்த தடவை பிடிச்சது 50, அதுல குறியோட வந்தது 5. 41 பெருக்கல் 51, வகுத்தல் 6, ஒண்ணு போக 347 மீன்னு வரும். அதே இடத்துல குறியோட வந்தது 2 மட்டும்னா 696. மூணு மீன் வித்தியாசத்துல கணக்கு ரெண்டு மடங்காகுது பாருங்க. அதனால குறியோட ஏழு மீனுக்குக் குறைவா வந்தா அந்த எண்ணை வெளியே சொல்லாதீங்க, இன்னும் ரெண்டு நாள் தூண்டில் போடுங்க. இன்னொரு பொறி: நீங்க குறி போட்ட மீன் கையாண்டதுல செத்துப்போனாலும் குறியோட வர்றது குறையும், மடுவுல மீன் நிறைய இருக்கிற மாதிரி காட்டும். நீர்க்காகம் சொன்ன கைப்பக்குவம் இல்லாதவங்களை இந்த வேலைக்குச் சேர்க்காதீங்க.

வாளை_கயம் பதில்:

எல்லாரும் தூண்டிலை எப்படிப் போடறதுன்னே பேசறீங்க. மூணாவது கோஷ்டி சொல்றதுல பாதி நியாயம் இருக்குங்க. ஆறு பூரா மூட வேண்டாம், வத்தாத ரெண்டு மடுவுல ஒண்ணை நிரந்தரமா மூடுங்க. கோடையில மிஞ்சற மீன்தான் அடுத்த வருஷத்து வித்து. கர்நாடகத்துல சிசிலா, சிருங்கேரி கோயில் படித்துறையில மாசீர் கூட்டம் கூட்டமா நிக்கிறது சாமி பேரால ஒரு மடு மூடிக் கிடக்கிறதாலதான். ஆனா அதே சிசிலாவுல 1996-ல யாரோ விஷம் கலந்து மீன் கொத்துக் கொத்தாச் செத்தது. ஒரே இடத்துல சேர்த்து வெச்சா ஒரே ராத்திரியில போகும். அதனால மூடின மடுவுக்கு ஆள் காவல் வேணும், அடுத்த மடுவுலயும் மீன் இருக்கணும்.

விஷமா, ஆக்சிஜன் குறைச்சலான்னு குழம்பிப் புகார் கொடுக்காம விடறதும் நடக்குது. விடியக்காலையில மீன் மேலே வந்து வாயைப் பிளந்து நின்னு, பெரிய மீன் முதல்ல சாஞ்சு, விரால் மட்டும் ஜம்முன்னு இருந்தா அது ஆக்சிஜன். கோடை மழை முதல் தடவை பெஞ்சு சாக்கடையை அடிச்சுட்டு வந்த மறுநாள் இப்படி ஆகும். எறா, நண்டு, தண்ணிப் பூச்சியோட எல்லா அளவு மீனும் ஒண்ணாச் செத்தா விஷம். முதுகெலும்பு ஒடிஞ்சு, தோல்ல கருப்புத் தழும்பு இருந்தா ஷாக். வெளியே காயமே இல்லாம உள்ளே காத்துப்பை கிழிஞ்சிருந்தா வெடித்தோட்டா, மிதக்கிறது கொஞ்சம், அடியில கிடக்கிறதுதான் ஜாஸ்தி. சந்தேகம்னா சுத்தமான பாட்டில்ல ஒரு லிட்டர் தண்ணியை விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடி ஐஸ்ல வைங்க, சாகற நிலையில இருக்கிற மீன் ரெண்டைத் தனிப்பையில ஐஸ்ல. அழுகின மீனைக் கொண்டுபோனா பரிசோதனைக் கூடம் ஒண்ணும் சொல்லாது. நேரத்தையும் இடத்தையும் எழுதி ஒட்டுங்க.

நீர்க்காகம் பதில்:

ஒரு மடுவை மூடறதுக்குச் சம்மதம். ஆனா எந்த மடுன்னு யோசிங்க. ரோட்டுக்குத் தூரமா, ஆள் நடமாட்டம் இல்லாததை மூடினா தூண்டில்காரன் வரமாட்டான், ஷாக்காரன் வருவான். வீடும் டீக்கடையும் பக்கத்துல இருக்கிற மடுவை மூடுங்க. ஒதுக்குப்புறத்து மடுவுல தூண்டில் நடக்கட்டும், அங்கே கண்ணு வேணும்.

மூலத்தறை_தூண்டில் எழுதியது:

ஞாயித்துக்கிழமை கூட்டம் முடிஞ்சுதுங்க. குஞ்சு வாங்கறது தள்ளிப் போயிருக்கு. ரோகு கோஷ்டி இன்னும் முறைச்சுட்டுத்தான் இருக்கு. டீக்கடைப் பக்கத்து மடு மூடறதுன்னு தீர்மானம், ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் தவளை லூர் இல்லை. பலகை எடுக்கிறதுக்கு மே மாசத்துக்கான மனு எழுதியாச்சு. முடிச்சில்லாத ரப்பர் வலை எட்டு, நீளப் பலகை எட்டு, தண்ணி வெப்பமானி ரெண்டு, ஒரு தடிச்ச நோட்டு வாங்கறோம். மிச்சப் பணம் கல் சரிவுக்கு, ஒப்புதல் வந்தா.

நீளத்தை வால் நுனி வரைக்கும் எடுக்கிறதா, வால் கவட்டை வரைக்குமா?

கெண்டைக்_கணக்கு பதில்:

விராலுக்கு வால் உருண்டை, கவட்டையே கிடையாது. கெண்டைக்கும் சேர்த்து மூக்கு நுனியிலருந்து வால் நுனி வரைக்கும்னு வெச்சுக்குங்க, நடுவுல மாத்தாதீங்க. பலகையோட பூஜ்யத்துல ஒரு நிமிர்ந்த சட்டம் அடிங்க, மூக்கு அதுல முட்டணும். அது இல்லேன்னா ஒவ்வொருத்தர் பிடிச்ச மீனும் ரெண்டு செ.மீ. வளரும். பலகையை நனைச்சுட்டு மீனை வைங்க.